சித்தியின் பாதி முடிச்சு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மலையேற்றச் சங்கத் தலைவர் அவர்களே! பாறையோடு பழகிப் பக்குவப்பட்ட பெரியோர்களே! பிள்ளைகள் தரையிறங்கும்வரை அண்ணாந்தே நிற்கும் தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் சித்தி அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

'பாறை மூலையின் அழகு' பற்றிப் பேசச் சொன்னார்கள். அழகைத்தான் எழுதி வந்தேன். ஆனால் சொல்லப்போவது வேறு, அவையோரே!

விரித்து நிறுத்திய புத்தகம்போல் இரண்டு பாறைச் சுவர்கள். அவை சேரும் மடிப்பில் அடிமுதல் முடிவரை ஒரே வெடிப்பு. கை நுழைத்து, கால் திருகி, உடல் ஒடுக்கி ஏறவேண்டிய வெடிப்பு! அதன் ஓரமாகத் துளையிட்டு, கயிறு மாட்ட இரும்பு போல்ட் அடித்து, நமக்கு வழி சமைத்தவர் யார்? என் சித்தி! தட்டுங்கள், இப்போதே கை தட்டிவிடுங்கள். பிறகு தட்டத் தோன்றாது.

ஏறுமுன் கயிற்றில் எட்டு வடிவில் முடிச்சிட்டு, நுனியை இடுப்பில் மாட்டிய பாதுகாப்பு வாருக்குள் விட்டு, அதே எட்டின் வழியே திரும்பக் கோக்க வேண்டும். கீழே நின்று கயிறு பிடிக்கும் துணையாள் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நம் சங்கத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டல்லவா? மூத்தவர் முடிச்சை இளையவர் தொடுவது மரியாதை ஆகாது!

சென்ற முறை அந்த மூலையில் ஏறப்போனபோது, சித்தி நுனியை வாருக்குள் விட்ட நேரம், சங்கப் பொருளாளர் மாமா கேமராவோடு வந்தார். "மேடம், இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு!" சித்தி திரும்பிச் சிரித்தார். துணையாளான நான் முடிச்சை நோக்கிக் கை நீட்டினேன்.

"அடேங்கப்பா! போல்ட் அடிச்சவங்களுக்கே பரீட்சையா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

"விடுடி, வெயில் ஏறிடும்" என்று சித்தி ஏறத் தொடங்கினார்.

பாதியில் அவர் கால் வழுக்கியது; வெடிப்பில் நுழைத்த கையால் சமாளித்துக்கொண்டார். "பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன், சித்தி!"

மேலே ஒரு பாறைத் திட்டு. சித்தி குட்டை வார் ஒன்றால் தன்னைப் போல்டில் மாட்டிக்கொண்டு எனக்குக் கயிறு பிடித்தார். நானும் ஏறிச் சேர்ந்தேன். மீதி ஏற்றத்துக்காக அவர் அந்தக் குட்டை வாரைக் கழற்றப் போனபோதுதான் கண்டேன். வாருக்குள் நுழைந்த நுனி, திரும்பக் கோக்காமல், சும்மா தொங்கியது!

"சித்தி, கழட்டாதீங்க!"

"ஏன்டி கத்தறே?"

"முடிச்சு..."

குனிந்து பார்த்தார். அப்படியே பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். "பிடிச்சிருக்கேன்னு சொன்னியேடி" என்றார், சின்னப் பிள்ளைபோல்.

நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். கயிறு சித்தியைப் பிடித்திருக்கவில்லை!

மாமா, ஏன் எழுகிறீர்கள்? உட்காருங்கள், உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. மரியாதை எது என்றுதான் கேட்கிறேன். தொடாமல் விலகி நிற்பதா? தொட்டுப் பார்த்து வீட்டுக்கு அழைத்து வருவதா? யார் மூத்தவர் என்று பாறைக்குத் தெரியுமா? யார் போல்ட் அடித்தவர் என்று கயிற்றுக்குத் தெரியுமா?

அன்றுமுதல் சித்தி பாறைப் பக்கமே வரவில்லை. "இனிமே என்னை நம்பி யார் வருவாங்க?" என்கிறார். நான் வருவேன், சித்தி! ஞாயிறு காலை, அதே மூலை. உங்கள் முடிச்சை நான் இழுத்துப் பார்க்கிறேன். என் முடிச்சை நீங்கள் இழுத்துப் பாருங்கள்!

என்ன சித்தி? சத்தமாகச் சொல்லுங்கள்... "ஆறு மணிக்கே கிளம்பணும்"ங்கறாங்க!

மாமா, நீங்களும் வாருங்கள். சிரிப்பை மட்டும் முடிச்சுக்கு அப்புறம் கேளுங்கள்.

பதறாமல் கேட்ட உங்களுக்கும், பதறிக் கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி. வணக்கம்!