எழுபது சதவீத சூப்

பிரெகெசே காயைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவிடும்போது பானையை மூடக் கூடாது. மூடினால் சூப் கசந்துவிடும். என் மாமாவுக்கு நான் வைத்துக் கொடுத்த சூப் ஒருநாளும் கசந்ததில்லை. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

உள்ளே வந்ததும் நீங்கள் கேட்ட கேள்வி எனக்குக் கொஞ்சம் வருத்தம் தந்தது. "சுத்தி வளைக்காதீங்க ப்ரொஃபசர். அந்த ரெண்டு மாடி வீட்டுக்காகத்தானே கிழவர முடிச்சீங்க?" என்றீர்கள். எங்கள் குமாசி ஊரில் மாமன் செத்தால் எல்லோருடைய கண்ணும் அக்கா மகன் மேல்தான் போகும். சொத்து அவனுக்குத்தானே வருகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டின் கூரை ஒழுகும். நான் அவ்வளவு சின்ன ஆள் இல்லை.

என் வேலை ஆண் ஹார்மோன் என்கிற சுரப்புநீரும் புராஸ்டேட் புற்றும். சுரப்புநீரைக் குறைத்தால் கட்டி சுருங்கும், அதற்குத்தான் ஊசி. இதைப் பற்றி வாழ்நாள் முழுக்கச் சரியான கட்டுரைகளாகவே எழுதினேன். ஒருவரும் சீண்டவில்லை. எங்கள் உலகத்தில் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார் என்பதுதான் மரியாதை. என் உதவியாளர் டாக்டர் செர்வா ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள்: "ப்ரொஃப், உங்க கட்டுரைய இந்த வருஷம் ஒருத்தர் மேற்கோள் காட்டியிருக்கார். நீங்கதான்."

அப்புறம்தான் பிரெகெசே கட்டுரை வந்தது. அந்தக் காய் போட்ட சூப் குடித்தவர்களுக்குச் சுரப்புநீர் 7.0 சதவீதம் குறைந்தது. பெரிய விஷயமில்லை; வெயிலில் நடந்தாலும் அவ்வளவு குறையும். அச்சில் நடுவிலிருந்த புள்ளி விழுந்து 70 ஆகிவிட்டது.

உலகம் விழித்துக்கொண்டது. ஸ்டாக்ஹோமிலிருந்து மறுத்தார்கள். சியோலிலிருந்து மறுத்தார்கள். மெல்போர்னில் ஒருவர் "வெட்கக்கேடு" என்றே எழுதினார். ஆனால் பாருங்கள், மறுக்க வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லித்தானே மறுக்க வேண்டும்? புகழ்ந்ததா, திட்டியதா என்று மேற்கோள் கணக்குக்குத் தெரியாது. அது கூட்டிக்கொண்டே போகும்.

செர்வாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ப்ரொஃப், புள்ளி போயிடுச்சு. திருத்தம் அனுப்பிடலாமா?"

"இந்த வருஷ மேற்கோள் கணக்கு முடியட்டும்மா."

"அதுக்குள்ள யாராவது நம்பிட்டா?"

"படிச்சவன் எவனும் நம்ப மாட்டான்."

அதில் நான் சொன்னது சரிதான். படித்தவர்கள் நம்பவில்லை. கெஜெட்டியா சந்தையில்தான் நம்பினார்கள். காய் விற்கிற பெண்கள் "ப்ரொஃபசர் காய், ப்ரொஃபசர் காய்! ஊசிய விடுங்க, சூப்ப குடிங்க! வீட்டுக்காரி சந்தோஷப்படுவா!" என்று கூவினார்கள். ஊசி போட்டால் ஆண்களுக்கு உடம்பு கொதிக்கும், ஆசை அடங்கிவிடும். யார்தான் சூப்பை விரும்ப மாட்டார்கள்? வானொலிக்காரர் என்னைக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார். கடைசியில், "உங்க மாமாவுக்கும் இதே நோயாமே? அவர் ஊசி போடறாரா, சூப் குடிக்கிறாரா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தன் வீட்டு ஆளிடமே செல்லாத கண்டுபிடிப்பை யார் மறுக்க மெனக்கெடுவார்கள்? விட்டுவிடுவார்கள். நான், "சூப்தான்" என்றேன். அப்போது அது பொய். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அன்றே அதை உண்மையாக்கப் போனேன்.

மாமா அடுசே என்னைத் தூக்கி வளர்த்தவர். என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். என் அட்டவணைகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எம் மருமகன் எழுதினது" என்று சர்ச்சில் காட்டுவார். அன்று விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஊசி வேணாம்டா. மாதவிடாய் நின்ன பொம்பள மாதிரி வேர்த்துக் கொட்டுது. உங்க அத்தை என்னைப் பாத்து, 'வா, சேந்து விசிறிக்கலாம்'ங்கறா."

"நிறுத்திடலாம் மாமா."

"நெசமாவா? சூப்பு போதுமா?"

"போதும்."

"நீ சொன்னா சரிதான்டா. நீதானே உலகத்துக்கே சொல்றவன்."

அன்றிலிருந்து நானே சமைத்தேன். காயும் நண்டும் நல்ல மிளகாயும். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் என் மேசைக்குத்தான் வரும். நோயைக் காட்டும் எண் ஏறியது. இறங்கியதாகச் சொன்னேன். இடுப்பெலும்பு வலிக்கிறது என்றார். பாய் சரியில்லை என்று சொல்லி நல்ல மெத்தை வாங்கிக் கொடுத்தேன். மெத்தை வாங்கியதைக் கவனியுங்கள் மேடம். கொல்ல நினைப்பவன் மெத்தை வாங்குவானா?

செர்வா ஒருமுறை என் அறைக்கதவைச் சாத்திவிட்டு அழுதாள். "ஒரு ஊசி போதும் ப்ரொஃப், இன்னும் நேரமிருக்கு. அவர் உங்க மாமா," என்றாள். எனக்குத் தெரியாததா? நான் ஊசி போட்டு அவர் பிழைத்திருந்தால், பிழைக்க வைத்தது எது என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும். கண்டுபிடிப்பு குழம்பிவிடும். இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். உங்களிடம் வந்தது அவள்தான் என்று நினைக்கிறேன். நல்ல பெண். ஆய்வுக்கு ஏற்ற மனது இல்லை.

கடைசியில் மாமா நடக்க முடியாமல் கிடந்தார். அப்போதும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து மிச்சமில்லாமல் குடித்தார். "சூப்புக்கு நோய் கேக்குதாடா?" என்று மட்டும் கேட்டார். "கேக்குது மாமா" என்றேன். துக்கத்துக்கான சிவப்பும் கறுப்பும் உடுத்தி நானூறு பேர் சாவுக்கு வந்தார்கள். பந்தியில் அதே சூப். எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

ஆம், மேடம். பிழைக்க வைக்கும் ஊசியை நிறுத்தியது நான். நிறுத்தினால் சாவார் என்று தெரிந்தே நிறுத்தினேன்.

ஆனால் ஒன்றைச் சரியாகப் பதிந்துகொள்ளுங்கள். ஊசியை விட்டு சூப்புக்கு மாறியவர்களைப் பற்றிய என் அடுத்த கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. அதில் யாரும் இறக்கவில்லை. மாமாவை நான் அட்டவணையில் சேர்க்கவில்லை. சொந்தக்காரரைச் சேர்த்தால் முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்; அந்த மாதிரி நேர்மைக்கேடு என்னிடம் கிடையாது.