சொல்லாமல் அமுக்கிய பட்டன்

ஹலோ... ஆமா, கம்சலாதான். யாரு, கேப்டன் சிவசுப்பிரமணியம் சாரா? சொல்லுங்க சார்... கேக்குது, கேக்குது. இங்க மழை. தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ள சிக்னல் கெடைக்காது, மேல ரோட்டுக்கு வந்து நிக்கிறேன்... பசறையில, அம்மா வீட்டுல.

ஆமா... ஆமா சார், அன்னைக்கு நாம பிளேன எறக்குனப்ப நடந்தத பத்தி அறிக்கை எழுதிட்டேன். இன்னும் அனுப்பல. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு...

எப்படி மாத்தணும்?... ஓட்டோ பைலட் தானா மாறிருச்சுன்னா?... சார், அது தானா மாறல. எறங்குற வேகத்த மாத்துற பட்டன நீங்கதான் அமுக்குனீங்க...

இல்ல, இல்ல, பழி போடல. கேளுங்க சார்... கடைசி நேரத்துல ரன்வேய மாத்துனாங்க. நான் தலைய குனிஞ்சு புது ரன்வேய கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க அந்தப் பக்கம் அமுக்கிட்டு வாயத் தொறக்கல. மாத்துறவரு சொல்லணும், மத்தவரு பார்த்துட்டு "பார்த்தேன்"னு சொல்லணும். அதுதானே நம்ம வழக்கம்?...

சரிங்க... வேலை அதிகந்தான். மெஷின் ஓட்டுதுன்னு பேரு, எறங்குற நேரத்துல நம்ம ரெண்டு பேருக்கும் கை ஓயல. அதனாலதானே சொல்லணும்?...

ஒரு நிமிசம், கால்ல அட்டை... ச்சீ... ம், எடுத்துட்டேன். சொல்லுங்க.

...தெரியும். என் வேலைய நிரந்தரமாக்க ஒங்க கையெழுத்து வேணும்னு தெரியும்... ஆமா சார். பயமாத்தான் இருக்கு.

சின்னப் புள்ளன்னு சொல்லாதீங்க... எங்கம்மா பறிச்ச தேயிலைக் கொழுந்த நிறுக்கையில கணக்கப்பிள்ளை கிலோவ சத்தமா சொல்வாரு. அம்மா அத திருப்பிச் சொல்லிட்டுத்தான் கூடைய எடுக்கும். பின்னாடி அறுபத்திரண்டு பேர வச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் ஊமையா இருந்தோமே சார்...

நானுந்தான்! ரெண்டு பேருன்னுதானே சொன்னேன்?... என்னையப் பத்தியும் எழுதியிருக்கேன். நிமிந்தப்ப ஸ்கிரீன்ல எழுத்து மாறியிருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன். கேக்கக் கூச்சம். பன்னெண்டு செக்கன் பேசாம இருந்தேன். தரை கிட்டன்னு எச்சரிக்கை அலறுன பெறகுதான் ரெண்டு பேரும் வெளிய பார்த்தோம்... ஆமா, நீங்க பிளேன மேல தூக்குனதாலதான் இன்னைக்குப் பேசிக்கிட்டிருக்கோம். அதையும் எழுதியிருக்கேன்.

இல்ல சார்... மாத்த மாட்டேன்... கத்தாதீங்க. கத்தாதீங்க சார். அன்னைக்கு இதுல பாதி சத்தம் வந்திருந்தா போதுமே.

...மன்னிச்சுக்கோங்க. சொல்லியிருக்கக் கூடாது.

போன ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். நான் சொல்லிட்டுத்தான் செய்றேன், கேட்டுக்கோங்க. அறிக்கைய தொறக்குறேன்... ஒங்க பேரையும் சேக்குறேன், ஒரு பிரதி வரும்... அனுப்புறேன்.

போயிருச்சு.

வந்துச்சா சார்?... பார்த்தேன்னு ஒரு வார்த்த...

ஹலோ?... சார்?... ஹலோ?