பதினெட்டு வருஷம் மூத்த உடம்பு

டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் கையிலிருந்த மெடிக்கல் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டு கத்தினார்.

"என் ஒடம்பு என்னிய விட பதினெட்டு வருஷம் மூத்ததாம், மாமு!"

நான் அவசரமாகத் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டேன்.

"இன்னா நைனா சொல்ற?"

"எனக்கு நாப்பத்திரண்டு. கம்பெனி கேம்ப்புல மிஷின்ல ஏத்தி, ஒடம்புக்கு அறுவதுன்றான். நாளையிலேர்ந்து வேலைக்கு வராதன்றான்."

"பீடிய வுடுன்னு சொன்னேனே!"

"அத்த எப்பவோ வுட்டாச்சு. பதினெட்டு வருஷமா அவன் பாய்லர் புகையத்தான் இழுத்துகினு கீறேன்."

"அப்ப அறுவது வயசுக்காரனுக்குக் குடுக்குற பென்ஷனக் குடுன்னு கேக்குறதுதானே?"

"கேட்டேன். அதுக்கு மட்டும் ஆதார்ல கீற வயசுதானாம்!"

கேட்ட கோபத்தில் என் தொப்பை தானாகவே வெளியே வந்துவிட்டது.