ஒன்பதே காலிலிருந்து மூன்றரை வரை

உங்கள் மேசைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டரை யாராவது திறந்து துடைத்தால் நல்லது, இன்ஸ்பெக்டர் மேடம். அது போடும் சத்தத்திலேயே தெரிகிறது, உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற அளவு தூசி இருக்கும். பத்து நிமிஷம் கொடுத்தால் நானே சுத்தம் செய்து தருவேன். வேண்டாமா? சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸ்ரீகிருஷ்ணா. வயது அறுபத்தொன்று. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நந்தனத்தில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். அவை ஓடுகிற வரைக்கும் அப்படி ஒருத்தன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஒன்று நின்றால் போதும், மூன்று மாடியிலிருந்தும் என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ரிடையர் ஆன அன்று எனக்குச் சந்தோஷமோ வருத்தமோ இல்லை, அலுப்புதான் இருந்தது. இனி ஒரே ஒரு கம்ப்யூட்டர், அது என்னுடையது, அது நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதில் ஷேர் வாங்கி விற்கிற சாஃப்ட்வேர் ஒன்று ஓடுகிறது. காலை ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்ததிலிருந்து மூன்றரைக்கு மூடும் வரை அதுவே வாங்கும், அதுவே விற்கும். பெரிய லாபம் ஒன்றுமில்லை. பணத்தாசையில் செய்தேன் என்று என் மகள் அனன்யா உங்களிடம் சொல்லியிருப்பாள். பாவம், அவளுக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டு கிடையாது, போட்டோ கிடையாது. அனன்யாவின் கல்யாண வீடியோவைக்கூட எடுத்துவிட்டேன். அப்டேட்டுகளைத் தானாக வரவிடாமல் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்துப் போடுவேன். தினமும் எட்டரைக்கு ஒருமுறை அணைத்துப் போட்டு, சூடு எத்தனை டிகிரி, மெமரி எவ்வளவு காலி என்று நோட்டில் எழுதுவேன். அனன்யா கொண்டுவந்து கொடுத்தது அந்த நோட்டைத்தான்.

மார்ச் மாதம் ஒருநாள் பதினோரு மணிக்கு அது நின்றது. சமையலறையில் ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓட ஆரம்பித்தது, விளக்கு ஒரு தரம் மங்கியது, கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. யூபிஎஸ் இருந்தும் காப்பாற்றவில்லை. மறுநாளும் அதேபோல் ஆயிற்று. சைதாப்பேட்டையிலிருந்து பொன்ராஜ் என்கிற எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

“ஒயரு ரொம்பப் பழசு சார். ஃப்ரிட்ஜு ஸ்டார்ட் ஆகசொல்ல கரண்டு டவுன் ஆவுது. செவுத்தைக் கொத்தி தனி லைன் இழுத்துட்டா முடிஞ்சிச்சு. ஒரே நாள் வேலை. இன்னா சொல்றீங்க?” என்றான்.

சுவரைக் கொத்தினால் சிமென்ட் தூசி பறக்கும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மார்க்கெட் நேரத்தில் ஃப்ரிட்ஜை அணைத்துவைப்பது என்று முடிவு செய்தேன். ஆறே கால் மணி நேரம்தானே.

என் மனைவி விசாலாக்ஷி அதற்குச் சம்மதித்தாள். அவள் வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி, காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்வாள். மூன்று மாதத்துக்கான குப்பிகள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். முதல் வாரமே, “ஏன்னா, தயிர் புளிச்சுப்போறது, தோசை மாவு பொங்கி வழியறது. ஒரு ஃப்ரிட்ஜுக்குப் பயந்துண்டு ஒரு மனுஷர் இருப்பாரா?” என்று சிரித்தாள். பிறகு, “மருந்துக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டாள்.

ஆகாது என்றேன். ராத்திரியில் நன்றாகக் குளிர்ந்தால் பகலில் தாங்கும் என்று கணக்குப் போட்டு, ஃப்ரிட்ஜின் குமிழைக் கடைசி எண் வரைக்கும் திருப்பிவைத்தேன். “மிஷினைப் பத்தி நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒருநாளும் நிற்கவில்லை.

மே பன்னிரண்டாம் தேதி விடியற்காலை ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுக்கப் போனேன். மருந்துப் பெட்டி சற்று நகர்ந்திருந்தது, சரிசெய்யக் கை வைத்தேன். குப்பிகள் கல்லாக இருந்தன. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே ஐஸ். புதுக் குப்பி தேவைப்பட்டால் விசாலம் சாயங்காலம்தான் எடுப்பாள், அதற்குள் உருகித் தண்ணீராகிவிடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் இருக்கிற குப்பியை அவள் கதவுத்தட்டில் வைப்பாள், அது உறையாது. அதனால் அவள் கண்ணில் படவே இல்லை.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் போட்டுக்கொள்ளக்கூடாது, வேலை செய்யாது, தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். காகிதத்தைப் பழையபடி மடித்து வைத்தேன். எட்டரைக்கு நோட்டில் எழுதினேன்: ‘சூடு 41. மெமரி சரி. குப்பிகளில் ஐஸ்.’ நீங்கள் சிவப்பு மையில் சுழித்திருக்கும் வரி அதுதான்.

அடுத்த வாரம் அவளை டாக்டர் சரோஜாதேவியிடம் அழைத்துப்போனேன். சர்க்கரை முந்நூற்றெண்பது இருந்தது. “நாக்கைக் கட்டலைன்னா நான் என்னம்மா பண்றது? மாம்பழ சீசன் வந்தாச்சு, அதானே?” என்று டாக்டர் கேட்டார்.

“கற்பகாம்பாள் சத்தியமா ஒரு துண்டு வாயில வெக்கலை டாக்டர். நீங்களாவது சொல்லுங்கோன்னா” என்று விசாலம் என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். “கொஞ்சம் வாயைக் கட்டு விசாலம்” என்றேன்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நிம்மதியாக இருந்தது. ஒன்று கெட்டுப்போயிருக்கிறது, எல்லோரும் வேறு ஒருவர் பெயரைச் சொல்கிறார்கள். என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை.

டாக்டர் அளவைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார். செத்த மருந்தை எவ்வளவு கூட்டினால் என்ன. விசாலம் சாதத்தைக் குறைத்தாள், கோயில் பிரசாதத்தைக்கூட கையில் வாங்கி அப்படியே பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவாள். ஒருநாள், “தூக்கத்துல எழுந்து எதையாவது தின்னுடறேனோ? நீங்க கொஞ்சம் கவனியுங்கோ” என்றாள். கவனிக்கிறேன் என்றேன். மறுநாளே சர்க்கரை டப்பாவை என் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். பூட்டினேன். சாவியை என் பூணூலில் கோத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள், அதையும் செய்தேன்.

பழைய குப்பிகள் தீர்ந்து ஜூனில் புதுசு வாங்கினோம். அதே பெட்டி, அதே தட்டு. குமிழைக் குறைத்தால் பகலில் சூடாகிக் கெடும், குறைக்காவிட்டால் ராத்திரி உறைந்து கெடும். யோசித்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஆடி மாதம் அவள் கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஆறவில்லை, பாதம் முழுக்கக் கறுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பகலில் அனன்யா உட்கார்ந்திருப்பாள், மார்க்கெட் மூடியதும் நான் போவேன். கடைசியாகப் பேசியபோது விசாலம் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நாக்கை அடக்கத் தெரியாமல் எல்லோரையும் படுத்துகிறேன் என்றாள். பரவாயில்லை என்று சொன்னேன். செப்டம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றே முக்காலுக்குப் போய்விட்டாள்.

நான்தான் காரணம். நாலு மாதம் தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு கம்ப்யூட்டருக்காக யாராவது பெண்டாட்டியைக் கொல்வார்களா என்று நீங்கள் முதலிலேயே கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன், அது கௌரவமாக இருந்தது. ஆனால் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்து யோசித்தால் அது சரியாக வரவில்லை. மே பன்னிரண்டாம் தேதி, “விசாலம், நான் தப்பா வெச்சுட்டேன், மருந்தெல்லாம் வீணாப் போயிடுத்து” என்று சொல்லியிருந்தால் அவள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள். “அதனால என்ன, புதுசு வாங்கிக் கீழாத்து மாமி ஃப்ரிட்ஜுல வெச்சுக்கறேன்” என்றிருப்பாள். கம்ப்யூட்டரும் அது பாட்டுக்கு ஓடியிருக்கும். தப்பு என்னுடையது என்கிற அந்த ஒரு வரியை நான் என் வாயால் சொல்ல வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.