ஒத்தை இறால்

மருமகள்: அத்தை, கொஞ்சம் இங்க வாங்களேன்.

மாமியார்: வரேன், வரேன். எதுக்கு இப்படிக் கத்தறே? தொட்டி உடைஞ்சு வீடு கடலாயிடுச்சா?

மருமகள்: கண்ணாடி போட்டிருக்கீங்கதானே? பாறைக்கு இந்தப் பக்கம் பாருங்க. என்ன தெரியுது?

மாமியார்: என்ன தெரியும்... உப்புத்தண்ணி. மீனே இல்லாத மீன் தொட்டி. ஊர்ல எல்லாரும் மீன் வளர்ப்பாங்க. என் பிள்ளை பாசியும் பவளமும் வளர்க்கறான்.

மருமகள்: இறால், அத்தை. சிவப்பு உடம்பு, முதுகுல வெள்ளைக் கோடு.

மாமியார்: ஆமா, இருக்கு. மீசையை ஆட்டிக்கிட்டு. உன் புருஷனைப் பாத்து வளர்ந்ததாச்சே, வேலை கம்மி, மீசை ஜாஸ்தி.

மருமகள்: அது ஒண்ணு. இப்ப அந்தக் காளான் மாதிரி இருக்கற பவளத்துக்கு மேல பாருங்க.

மாமியார்: அதோட நிழல். கண்ணாடியில விழுது.

மருமகள்: நிழல் சாப்பிடுமா? நான் போட்ட தீனியை ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி வாயில போட்டுக்குது.

மாமியார்: சரி, ரெண்டு. அதுக்கென்ன இப்போ? லைட்டை அணை. கரன்ட் பில் யார் கட்டறது?

மருமகள்: அவர் வெளியூர் வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போனது ஒண்ணுதானே?

மாமியார்: குட்டி போட்டிருக்கும்.

மருமகள்: ஒத்தையா இருக்கறது எப்படிக் குட்டி போடும்? அதுவும் தாய் சைஸுக்கே, மீசையோட?

மாமியார்: எனக்கென்னடி தெரியும்? உன் புருஷன்தானே சொன்னான், இந்த இறால்ல ஒவ்வொண்ணும் ஆணாவும் இருக்கும், பொண்ணாவும் இருக்கும்னு. 

மருமகள்: இருந்தாலும் ஜோடி வேணும், அத்தை.

மாமியார்: ஜோடி இருந்து மட்டும் என்ன...

மருமகள்: என்ன? முடிச்சிடுங்க. பாதியில நிறுத்தினா உங்களுக்குத் தொண்டை வலிக்கும்.

மாமியார்: நான் இறாலைச் சொன்னேன்.

மருமகள்: நானும் இறாலைத்தான் நெனச்சேன்.

மாமியார்: சரி விடு. அந்த மூலையில ஊறப்போட்ட ரப்பர் செருப்பு மாதிரி ஒண்ணு இருக்கே, அதுக்கு என்ன கேடு? நல்லா விரல் விரலா விரிச்சுக்கிட்டு இருந்தது. இப்ப சுருண்டு கிடக்கு.

மருமகள்: பேச்சை மாத்தறீங்க.

மாமியார்: செத்துடுச்சோன்னு கேட்டேன். அவன் வந்து உன்னை உலுக்கப் போறானேன்னு ஒரு அக்கறை.

மருமகள்: சாகலை. அந்தப் பவளம் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கு. அப்பப்போ இப்படித்தான் இருக்கும். மேல மெழுகு மாதிரி ஒரு தோல் படியும். அது உரிஞ்சதும் பழையபடி விரியும்.

மாமியார்: காரணமே சொல்லாம மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கறதா? எங்க கத்துக்கிட்டதோ.

மருமகள்: ஏன், இந்த வீட்டுல சொல்லிக்குடுக்க ஆளா இல்லை? அது பாட்டுக்கு இருக்கட்டும். தோல் உரிஞ்சதும்... உரிஞ்சதும்... ஐயோ!

மாமியார்: என்னடி?

மருமகள்: அத்தை, உரிச்சுப் போட்டிருக்கு! அது செத்த இறால் இல்லை. சட்டை!

மாமியார்: எது? யார் செத்தா? எந்தச் சட்டை?

மருமகள்: ஒண்ணுமில்லை, அத்தை.

மாமியார்: வாயைத் திறந்தாச்சு. இனி மூட முடியாது. சொல்லு.

மருமகள்: திட்டக்கூடாது.

மாமியார்: திட்டறதும் திட்டாததும் விஷயத்தைக் கேட்டப்புறம்.

மருமகள்: முந்தாநாள் காலையில ஆபீஸுக்குக் கிளம்பறப்ப பாத்தேன். மணல்ல மல்லாந்து கிடந்தது. கால், மீசை, கண்ணு, எல்லாம் அப்படியே. அசைவே இல்லை. வெளிறிப் போயிருந்தது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. குச்சியால பாறைக்குப் பின்னால தள்ளிவிட்டுட்டு ஓடிட்டேன்.

மாமியார்: பிணத்தை மறைச்சிருக்கே.

மருமகள்: சாயங்காலம் வரப்ப இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். நீங்க டிவி பாத்துக்கிட்டிருந்தீங்க. நைஸா உள்ள விட்டுட்டேன். பழையதைத் தேடினா காணோம். நத்தை தின்னிருக்கும்னு நெனச்சேன்.

மாமியார்: அடிப்பாவி! ஆள்மாறாட்டம்! என் பிள்ளையை ஏமாத்தி, வேற இறாலைக் காட்டி, இதுதான் உன் இறால்னு சொல்லலாம்னு இருந்தே.

மருமகள்: அவர் என்ன அதோட ரேகையா பாக்கப் போறார்?

மாமியார்: சட்டையைக் கழட்டிப் போட்டதைப் பாத்துட்டு இழவு கொண்டாடியிருக்கா! படிச்ச பொண்ணு!

மருமகள்: அப்ப ஒண்ணு பழையது, ஒண்ணு நான் வாங்கினது. கணக்கு சரியாயிடுச்சு. பழசு உயிரோட இருக்கு, அத்தை! நான் கொல்லலை!

மாமியார்: ம்... இருக்கும், இருக்கும். லைட்டை அணைன்னேன்ல.

மருமகள்: உங்களுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது? நான் ஜெயிச்சுட்டேன்னா?

மாமியார்: நீ என்ன ஜெயிச்சே? 

மருமகள்: அது எங்களுக்குள்ள.

மாமியார்: உங்களுக்குள்ளயா! போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டுப் பேசினா தெரு முழுக்கக் கேக்கும். “நான் வர்ற வரைக்கும் இந்தத் தொட்டியில எல்லாத்தையும் உயிரோட வெச்சிரு பாக்கலாம். அப்புறம் குழந்தையைத் தத்து எடுக்கறதைப் பத்திப் பேசலாம்.” இதானே? பெரிய பரீட்சை!

மருமகள்: தெரிஞ்சுகிட்டேதான் இவ்வளவு நாளா என்னைக் குத்திக்கிட்டிருந்தீங்களா?

மாமியார்: குத்தலைன்னா உனக்குத்தான் பொழுது போகாது.

மருமகள்: அவர் வேடிக்கையாத்தான் சொன்னார், அத்தை. ஆனா எனக்கு அது வேடிக்கையா இல்லை. தினம் காலையில எழுந்ததும் முதல்ல இதைத்தான் எட்டிப் பாக்கறேன். தண்ணி வத்தினா நல்ல தண்ணி ஊத்து, உப்பை அளந்து பாரு, பம்ப் ஓடுதான்னு பாரு... ஒண்ணு செத்தாலும், “பாத்தியா, உன்னால முடியாது”ம்பார். அதைக் கேட்டுட்டு நான் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன். எடுக்கத் தைரியம் இருக்காது.

மாமியார்: உன் போன் அடிக்குது. எடு. பரீட்சை வெச்ச வாத்தியார்தான்.

மருமகள்: ஹலோ... எங்க வந்துட்டிருக்கீங்க?

மகன்: டாக்ஸியில இருக்கேன். பாலம் தாண்டிட்டேன். எப்படி இருக்கு?

மருமகள்: எனக்கு நல்லா...

மகன்: உன்னைக் கேக்கலை, இறாலைக் கேக்கறேன்.

மாமியார்: டேய், ஸ்பீக்கர்ல நானும் இருக்கேன். இத்தனை மாசம் கழிச்சு வர்றே. பெத்தவ எப்படி இருக்கா, கட்டினவ எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை இல்லை. இறால் எப்படி இருக்காம்!

மகன்: நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னு குரல்லயே தெரியுதேம்மா. இறாலுக்குக் குரல் இல்லையே.

மாமியார்: அதான் அதுகூட உனக்கு ஒத்துப்போகுது.

மகன்: ஒத்தையா இருக்குமேன்னு கவலையா இருந்தது. 

மருமகள்: ஒத்தையாவா... அது... துணைக்கு நாங்க இருக்கோமே.

மாமியார்: அதுக்கு இப்ப சொந்தபந்தம் ஜாஸ்தி. நீ வந்து பாரு.

மகன்: என்னம்மா ஒரு மாதிரி பேசறீங்க? எதுவும் சாகலையே? நீ சொல்லு, நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? ஏதாவது ஒண்ணு குறைஞ்சிருந்தா...

மருமகள்: குறையலை. அத்தை... அத்தை, அங்க பாருங்க. மூணு.

மகன்: மூணா? என்ன மூணு?

மாமியார்: மூணு வேளையும் ஒழுங்கா சாப்பிட்டியான்னு கேக்கறா. பொண்டாட்டின்னா அப்படிக் கேப்பாங்க. உனக்குப் பழக்கமில்லை.

மகன்: சாப்பிட்டேன், சாப்பிட்டேன். சரி, டிரைவர் வழி கேக்கறார். வெச்சிடறேன்.

மருமகள்: வெச்சிட்டார்.

மாமியார்: வெக்கட்டும். நான் போய் அரிசி களையறேன். 

மருமகள்: நில்லுங்க. எங்க நழுவறீங்க? ஒண்ணு பழசு. ஒண்ணு நான் வாங்கினது. இந்த மூணாவது யாரு?

மாமியார்: நீ வாங்கினப்ப கடைக்காரன் தவறி ரெண்டு போட்டிருப்பான்.

மருமகள்: ஒண்ணைக் கவர்ல போட்டு, ஊதிக் கட்டி, என் கண்ணு முன்னாலதான் குடுத்தான்.

மாமியார்: அப்ப குட்டிதான்.

மருமகள்: அத்தை. என்னைப் பாத்துச் சொல்லுங்க. பாறைக்குப் பின்னால இருந்த அந்தச் சட்டையை யார் எடுத்தா?

மாமியார்: நத்தை.

மருமகள்: நத்தைக்கு இடுப்பு வலி உண்டா? நேத்து “குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு”ன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டது யாரு?

மாமியார்: ...டிஷ்யூல சுத்தி ரோஜாத் தொட்டியில புதைச்சேன். போதுமா?

மருமகள்: ஐயோ கடவுளே! சட்டையை எடுத்து அடக்கம் பண்ணிட்டு, என்னைப் போய் இழவு கொண்டாடினேன்னு சிரிச்சீங்க!

மாமியார்: நீ குச்சியால தள்ளிட்டு ஓடினே. நான் மரியாதையா மண்ணு போட்டேன். வித்தியாசம் இருக்கு.

மருமகள்: அப்புறம் போய் ஒரு இறால் வாங்கிட்டு வந்தீங்க.

மாமியார்: வந்தேன். அந்தக் கடைக்காரன் வேற, “அப்படியே கொட்டிடாதீங்கம்மா, அதிர்ச்சியில செத்துடும், தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா அது இருக்கற பாத்திரத்துல கலந்து பழக்கணும்”ன்னு பாடம் எடுத்தான். மத்தியானத் தூக்கம் போச்சு. கரண்டி கரண்டியா ஊத்திக்கிட்டு நின்னேன். அதுக்கு நான் பேதி மருந்து குடுக்கற மாதிரி மூஞ்சைச் சுளிச்சுது.

மருமகள்: எந்தக் கரண்டி?

மாமியார்: அதெல்லாம் கழுவிட்டேன்.

மருமகள்: ஏன், அத்தை? உங்களுக்கு இந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. நான் தோத்தாதானே உங்களுக்குச் சௌகரியம்?

மாமியார்: யார் சொன்னா?

மருமகள்: யார் சொல்லணும்? அன்னிக்கு சாப்பிடறப்ப நான் தத்துன்னு வாயைத் திறந்தேன். நீங்க தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டீங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. அதைப் பாத்துட்டுத்தானே அவரும் பின்வாங்கினார்?

மாமியார்: அடி மக்கு. அவன் பின்வாங்கினது பயத்துல. வர்ற குழந்தை தன்னை அப்பான்னு ஏத்துக்காதோன்னு பயம். அதைச் சொல்ல வாய் வராம உனக்குப் பரீட்சை வெச்சான். உண்மையில பரீட்சை அவனுக்குத்தான் வெக்கணும்.

மருமகள்: அப்ப நீங்க ஏன் எழுந்து போனீங்க?

மாமியார்: உட்கார்ந்திருந்தா உன் கட்சின்னு மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். சின்ன வயசுலேர்ந்து நான் கிழக்குன்னா அவன் மேற்கு. நான் வேணும்னா வேணாம்பான். நான் வேணாங்கற மாதிரி விறைச்சுக்கிட்டிருந்தா, என்னை ஜெயிக்கறதுக்காகவாவது சரின்னு சொல்லுவான்னு பாத்தேன். 

மருமகள்: அதை என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

மாமியார்: உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். இறால் சட்டையைப் பாத்துட்டு அன்னிக்கு சாயங்காலம் நீ எப்படி இருந்தே? நான் டிவியையா பாத்தேன்? உன்னைத்தான் பாத்தேன். இவளுக்கு விஷயமே தெரியாது, ஆபீஸ்ல எவனோ திட்டியிருக்கான்னு நெனச்சேன்.

மருமகள்: அத்தை...

மாமியார்: கண்ணைத் துடை. அவன் வர்றப்ப அழுதுகிட்டு நின்னா நான் ஏதோ கொடுமை பண்ணினேன்னு நெனச்சுப்பான். பண்ணாதப்ப பேர் வாங்கறது எனக்குப் பிடிக்காது.

மருமகள்: ஒண்ணு மட்டும் புரியலை. அந்தக் கடை எங்கயோ இருக்கு. நானே போன்ல வழியைப் போட்டுக்கிட்டுப் போய் ரெண்டு சந்து தப்பா நுழைஞ்சேன். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

மாமியார்: அந்தத் தெரு எனக்குப் பழக்கம்.

மருமகள்: உங்களுக்கு? அங்க என்ன பழக்கம்?

மாமியார்: பெல் அடிக்குது. போய்த் திற.

மருமகள்: நிக்கட்டும். இறாலுக்காக இத்தனை மாசம் காத்திருந்தவர், கதவுக்காக ரெண்டு நிமிஷம் நிக்கட்டும். சொல்லுங்க.

மாமியார்: கடைக்கு எதிர்ல ஒரு பச்சை கேட் இருக்கு. மேல ஒரு போர்டு. நீ அழுதுகிட்டே போனதுல அதைப் படிச்சிருக்க மாட்டே.

மருமகள்: ஸ்கூல்தானே? பிள்ளைங்க சத்தம் கேட்டுதே.

மாமியார்: ஸ்கூல் இல்லை. அம்மா அப்பா இல்லாத பிள்ளைங்களோட இல்லம். வியாழக்கிழமையானா தோழி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பறேனே, எனக்கு ஏதுடி தோழி? அங்கதான் போறேன். சட்டைக்குப் பட்டன் தைக்க ஆள் வேணும்னாங்க. தைக்கறேன்.

மருமகள்: எப்பலேர்ந்து?

மாமியார்: நீ சாப்பாட்டுல பேச்சை எடுத்த அடுத்த வாரத்துலேர்ந்து.

மகன்: அம்மா! யாராவது கதவைத் திறங்களேன்! இறாலுக்கு ஒண்ணும் ஆயிடலையே?

மாமியார்: கத்தாதேடா! வர்றோம்! நீ கேளு. அங்க ஒரு பொடிசு இருக்கா. பட்டன் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, உன்னை மாதிரி. முந்தாநாள் இறால் கவரோட உள்ள போனேன். “இது யாரு?”ன்னா. இறால்னேன். “இதை எங்க கூட்டிட்டுப் போறீங்க?”ன்னா. எங்க வீட்டுக்குன்னேன்.

மருமகள்: அப்புறம்?

மாமியார்: அப்புறமென்ன... ஓடிப் போய்த் தன் செருப்பை மாட்டிக்கிட்டு வந்து நின்னுட்டா.