தனி வூடு வேணும்

மதகடிப்பட்டு ஸ்டாப்பில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த கர்ப்பிணிப் பெண், பஸ் கிளம்பியதும் கணவனிடம் சொன்னாள்: "எங்கம்மாவோட மனவியாதி என் ஒடம்புலயும் தூங்கினு இருக்கலாம். அத யாரும் எழுப்பிவுட நான் வுட மாட்டேன்."

"இன்னா சொல்ற நீ?"

"டாக்டரம்மா சொன்னத நீயும் கேட்டல்ல? பரம்பரையா இருந்தாலும் எல்லாருக்கும் வந்துடாதாம். ஓயாத பயம், தூக்கமில்லாம கெடக்கறது, இதெல்லாம் அந்த ஜீன தட்டி எழுப்பலாமாம். வயித்துல இருக்கற புள்ளயக்கூட பாதிக்கலாமாம்."

"வரும்னு உறுதியா சொல்லலியே."

"வராதுன்னும் சொல்லல. உங்கண்ணன் தெனம் குடிச்சிட்டு வந்து தட்ட வுட்டெறியறாரு. அந்தச் சத்தத்துல எனக்கு ராவெல்லாம் தூக்கமே வரல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இந்தப் புள்ளய நான் அந்த வூட்ல வளக்க மாட்டேன்."

"என்ன வளத்தவரு அவரு. எப்டிடி வுட்டுட்டு வர்றது?"

"தெனம் போயி பாரு. அவருக்கும் சேத்து நானே சோறு ஆக்கித் தரேன். ஆனா நமக்குத் தனி வூடு வேணும்."

பஸ் வில்லியனூரை நெருங்கியது. இறங்குவதற்கு முன் அவன் போனை எடுத்தான்.

"அண்ணே, இன்னிக்கு ஒருநாள் குடிக்காம இரு. நாங்க தனியா போறதப் பத்திப் பேசணும்."