அம்மா கேட்ட கேள்வி

தொண்ணூறுகளில் ஒரு மாலை, லண்டனில் பிளேஸ்டோ போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு கல்லூரி மாணவிகள் இருந்தார்கள்.

"அம்மா கேட்ட கேள்வியாலதான் எனக்குக் கூடின மார்க்ஸ்," என்றாள் ஒருத்தி.

"உன்ர அம்மாவோ?"

"ஓம். கறுப்பினத்து ஆக்கள் தொழில் தொடங்கின கதைதானே என்ர புரொஜெக்ட். சலூன் வைச்சிருக்கிற ஜமேய்க்கா அன்ரியிட்டப் போகேக்க அம்மாவும் வந்தவ. கடை திறந்த முதல் நாள் எப்பிடி இருந்தது எண்டு அன்ரியிட்டக் கேக்கச் சொன்னது அம்மாதான். அன்ரி முந்தி ஆஸ்பத்திரியில கிளீனர். அண்டைக்குக் கடைப் பூட்டின்ர திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு கனநேரம் வெளியிலயே நிண்டவவாம்."

"அதுக்கு அம்மா?"

"அம்மாவும் யாழ்ப்பாணத்தில தையல் கடை வைச்சிருந்தவ, இஞ்ச ஒஃபிஸ் கூட்டித் துடைக்கிறா. திரும்பி வரேக்க ரெண்டு ஸ்டொப் முந்தியே இறங்கி, வாடகைக்கு எண்டு போட்டிருந்த வெறுங்கடை ஒண்டைக் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டா."